கையில் அனுமதிப்பத்திரம் இருந்தால் சோதனை வேண்டாமா?

2015 பெப்ரவரி 10 ஆம் திகதி அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சப்பல் ஹில் நகரில், மூன்று முஸ்லிம் இளைஞர்கள் தமது வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இருவர் திருமணமாகி இரண்டு மாதங்கள்கூட நிறைவடையாத தம்பதி. கணவருக்கு 23 வயது, மனைவிக்கு 21 வயது. மூன்றாமவர் மனைவியின் தங்கை, 19 வயது. கணவர் பல் மருத்துவ மாணவர். மனைவியும் அதே துறையில் படிக்க அனுமதி பெற்றிருந்தார். சுட்டவர் பக்கத்து வீட்டுக்காரர். 2019 ஜூன் மாதம் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்று ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன.

வாகனம் நிறுத்தும் இடத்தைப் பற்றிய தகராறா, முஸ்லிம் வெறுப்பா என்று அப்போது உலக ஊடகங்கள் விவாதித்தன. எமது நாட்டு முஸ்லிம்களும் அதைப் பற்றி நிறையவே பேசினோம். அந்த விவாதத்தில் ஒரு தகவல் பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. சுட்டவரிடம், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான சட்டபூர்வ அனுமதிப்பத்திரம் இருந்தது. அவரது வீட்டிலிருந்து மேலும் ஏறத்தாழ ஒரு டசின் துப்பாக்கிகளைப் பொலிஸார் கைப்பற்றினார்கள். இடுப்பில் துப்பாக்கியோடு வந்து கதவைத் தட்டி முறைப்பாடு சொல்பவர் அவர் என்று கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தினர் பின்னர் கூறினார்கள்.

கடையில் ஒரு சோதனை நடந்திருந்தால் அந்த மூவரும் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள் என்று நான் வாதிட வரவில்லை. நான் சொல்ல வருவது அந்த அனுமதிப்பத்திரத்தைப் பற்றி. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்த அட்டை, ஆயுதத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு நடக்க மட்டும் உதவுவதில்லை. புதிய துப்பாக்கி வாங்கும்போது நடக்க வேண்டிய குற்றப் பின்னணிச் சோதனையிலிருந்தும் அது விலக்கு வாங்கித் தருகிறது. இந்த விதிவிலக்கைப் பற்றி எமது பத்திரிகைகளும் இணையத்தளங்களும் பேசியது மிகக் குறைவு. பள்ளிவாசலிலும் வீட்டிலும் எம்மவர்கள் சுடப்படும்போது மட்டும் துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஜனாஸா முடிந்ததும் மறந்துவிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1981 மார்ச் 30 ஆம் திகதி ஜனாதிபதி ரொனால்ட் ரீகனைக் கொலை செய்ய ஒருவர் முயன்றார். அந்தத் துப்பாக்கிச்சூட்டில் ஜனாதிபதியின் ஊடகச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி தலையில் காயமடைந்து வாழ்நாள் முழுவதும் பாதிக்கப்பட்டார். அவருடைய பெயரால் 1993 நவம்பர் 30 ஆம் திகதி ஜனாதிபதி பில் கிளின்டன் கையொப்பமிட்டதுதான் பிரேடி சட்டம். அதன்படி 1998 நவம்பர் முதல், எப்.பி.ஐ. நடத்தும் தேசிய உடனடிக் குற்றப் பின்னணிச் சோதனை முறைமை இயங்கி வருகிறது. அதைச் சுருக்கமாக நிக்ஸ் என்பார்கள்.

நடைமுறை எளிமையானது. உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்க வருபவர் 4473 என்ற இலக்கப் படிவத்தை நிரப்ப வேண்டும். கடைக்காரர் தொலைபேசி மூலமோ கணினி மூலமோ நிக்ஸைக் கேட்பார். பாரதூரமான குற்றத்திற்குத் தண்டனை பெற்றவரா, குடும்ப வன்முறைக்காகத் தண்டிக்கப்பட்டவரா, நீதிமன்றத்தின் பாதுகாப்புக் கட்டளை ஒன்றின் கீழ் இருப்பவரா, மனநலம் சம்பந்தமாக நீதிமன்றத் தீர்ப்புக்கு உட்பட்டவரா என்றெல்லாம் பதிவுகள் பார்க்கப்படும். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். மூன்று வேலை நாட்களுக்குள் முடிவான பதில் வராவிட்டால், சமஷ்டிச் சட்டத்தின்படி கடைக்காரர் துப்பாக்கியை விற்றுவிடலாம். 2015 இல் சார்ள்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவர்களைக் கொன்றவர் இந்த வழியாகத்தான் தனது துப்பாக்கியைப் பெற்றார்.

இந்தச் சட்டத்திலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு. வாங்குபவரிடம் அதே மாநிலம் வழங்கிய துப்பாக்கி அனுமதிப்பத்திரம் இருக்கிறது, அது வழங்கப்பட்டு ஐந்து வருடங்களுக்கு மேல் ஆகவில்லை, அதை வழங்கும் முன் அவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவரல்லர் என்று அரசாங்க அதிகாரி ஒருவர் சரிபார்த்திருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் கூறுகிறது என்றால், கடைக்காரர் நிக்ஸைக் கேட்க வேண்டியதில்லை. அட்டையின் விபரத்தையும் திகதியையும் படிவத்தில் எழுதிக்கொண்டால் போதும். எந்த மாநிலத்தின் எந்த அனுமதிப்பத்திரம் இதற்குத் தகுதியானது என்று ஏ.ரி.எப். என்ற சுடுகலன் பணியகம் ஒரு பட்டியலைப் பேணுகிறது. டெக்ஸாஸ், ஜோர்ஜியா போன்ற பெரிய மாநிலங்களும் அதில் இருக்கின்றன. சப்பல் ஹில் அமைந்துள்ள வட கரோலினாவும் இருக்கிறது.

விதிவிலக்கின் நியாயம் விளங்காமல் இல்லை. கைவிரல் அடையாளம் கொடுத்து, பயிற்சி முடித்து, ஏற்கனவே சோதிக்கப்பட்ட ஒருவரை ஒவ்வொரு முறையும் கடையில் காத்திருக்க வைப்பானேன் என்பதுதான் அந்த நியாயம். வேலையும் நேரமும் மிச்சமாகும். ஆனால் இந்த நியாயம் நிற்பதற்கு இரண்டு விடயங்கள் உண்மையாக இருக்க வேண்டும். முதலாவது, அனுமதிப்பத்திரம் வழங்கும் முன் சோதனை உண்மையிலேயே ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். இரண்டாவது, அன்று நல்லவராக இருந்தவர் இன்றும் அப்படியே இருக்க வேண்டும். நடந்தவற்றைப் பார்த்தால், இந்த இரண்டிலுமே ஓட்டை இருக்கிறது.

சோதனை நடந்ததா?

அலபாமா மாநிலத்தில் 67 மாவட்டங்கள். துப்பாக்கி எடுத்துச் செல்லும் அனுமதிப்பத்திரத்தை அந்தந்த மாவட்டத்தின் ஷெரிப் வழங்கி வந்தார். 2019 ஜூலை மாதம் ஏ.ரி.எப். அந்த மாநிலத்தின் துப்பாக்கிக் கடைக்காரர்கள் அனைவருக்கும் ஒரு பகிரங்கக் கடிதம் அனுப்பியது. நிக்ஸ் சோதனை நடத்தாமலே அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டிருக்கின்றன, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதவர்கள் சிலருக்கும் அவை போய்ச் சேர்ந்திருக்கின்றன, ஆகவே இனிமேல் அலபாமா அட்டையைச் சோதனைக்குப் பதிலாக ஏற்க வேண்டாம் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

எட்டு மாதங்களுக்குள், 2020 மார்ச்சில், மிச்சிகன் மாநிலக் கடைக்காரர்களுக்கும் அதேபோன்றதொரு கடிதம் போனது. அங்கே நடந்தது இன்னும் கவலைக்குரியது. நிக்ஸைக் கேட்டிருக்கிறார்கள். இந்த விண்ணப்பதாரர் குடும்ப வன்முறைக் குற்றத்திற்குத் தண்டனை பெற்றவராக இருக்கலாம் என்று நிக்ஸ் சில சந்தர்ப்பங்களில் பதிலும் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு அதை ஆராய்ந்து பார்க்காமலே அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டிருக்கிறது. மனைவியை அடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டவரிடம் அந்த அட்டை இருந்தால், கடையில் அவரைத் தடுக்க யாரும் இல்லை.

இவற்றோடு புளோரிடாவின் கதையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2018 இல் வெளிவந்த செய்தி அது. மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதிப்பத்திரத்தை வழங்கும் மாநிலத் திணைக்களத்தில், நிக்ஸ் பதில்களைப் பார்க்க வேண்டிய பெண் ஊழியர் ஒருவரால் கணினி முறைமைக்குள் நுழைய முடியவில்லை. அவர் அதைச் சரிசெய்துகொள்ளவில்லை. 2016 பெப்ரவரி முதல் ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தப் பதில்களை எவரும் பார்க்கவில்லை. பின்னர் கோப்புகளை மீண்டும் ஆராய்ந்தபோது 291 அனுமதிப்பத்திரங்களை இரத்துச் செய்ய வேண்டியேற்பட்டது.

தவறு இரண்டு இடத்திலும் ஒரே தவறுதான். விளைவு வேறு. புளோரிடாவின் அட்டை, கடையில் நடக்கும் பின்னணிச் சோதனைக்கு விலக்குத் தருவதில்லை. எனவே அந்த 291 பேரில் எவரும் உரிமம் பெற்ற கடையில் புதிதாகத் துப்பாக்கி வாங்கப் போயிருந்தால் அங்கே இன்னொரு முறை கேள்வி கேட்கப்பட்டிருக்கும். அலபாமாவில் அப்போது அந்த இரண்டாவது கேள்வி இருக்கவில்லை. ஒரு திணைக்களத்தில் ஒருவர் தூங்கினால், அடுத்த வாசலில் விழித்திருக்க ஒருவர் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கிறைஸ்ட்சேர்ச் சொன்ன பாடம்

அனுமதிப்பத்திரத்தின் மேல் முழுப் பாரத்தையும் போடும் முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை முஸ்லிம்களாகிய எமக்கு அமெரிக்காவுக்கு வெளியே ஒரு நாடு காட்டியது. 2019 மார்ச் 15, ஜும்ஆ நேரம், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் அந்நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய நிலையத்திலும் 51 பேர் ஷஹீதாக்கப்பட்டார்கள். கொலைகாரன் களவாக ஆயுதம் வாங்கியவன் அல்லன். 2017 நவம்பரில் பொலிஸார் வழங்கிய சாதாரண ஏ வகைத் துப்பாக்கி அனுமதிப்பத்திரம் அவனிடம் இருந்தது.

அப்போதைய நியூசிலாந்துச் சட்டத்தின்படி சோதனை என்பது மனிதருக்குத்தான். பத்து வருடங்களுக்கு ஒருமுறை அவரைச் சோதித்து அனுமதிப்பத்திரம் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு சாதாரண வகைத் துப்பாக்கிகளை எத்தனை வாங்கினாலும் புதிதாகச் சோதனை இல்லை. யார் எத்தனை வைத்திருக்கிறார் என்ற பதிவேடும் இல்லை. அமெரிக்க விதிவிலக்கின் அடிப்படை எண்ணமும் இதுதான்: ஒருமுறை நம்பிக்கைக்குரியவர் என்றால், அட்டை காலாவதியாகும் வரை நம்பிக்கைக்குரியவர்.

அந்த ஒரு சோதனை எப்படி நடந்தது? 2020 டிசம்பரில் வெளியான அரச விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை அதை விரிவாகச் சொல்கிறது. விண்ணப்பதாரரை நன்கு அறிந்த நெருங்கிய உறவினர் ஒருவரைப் பொலிஸார் நேர்காண வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அவன் முதலில் தன் சகோதரியின் பெயரைக் கொடுத்தான். அவர் ஆஸ்திரேலியாவில் இருந்ததால் வேறொருவரின் பெயர் கேட்கப்பட்டது. கடைசியில் விசாரிக்கப்பட்டவர்கள் இணைய விளையாட்டின் மூலம் அறிமுகமான ஒரு நண்பரும், அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவரும். குடும்பத்தார் எவரும் விசாரிக்கப்படவில்லை. அனுமதிப்பத்திர நடைமுறையில் பொலிஸார் தேவையான தரத்தைப் பேணவில்லை என்று ஆணைக்குழு முடிவு செய்தது.

இதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது, கலீபா உமர் (ரழி) அவர்களைப் பற்றி உலமாக்கள் அடிக்கடி எடுத்துச் சொல்லும் சம்பவம். ஒருவருக்கு நற்சாட்சி சொல்ல வந்தவரிடம் அவர்கள் சில கேள்விகளைத்தான் கேட்டார்கள். நீர் அவருடைய அயலவரா, அவரோடு பயணம் செய்திருக்கிறீரா, பணக் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா என்பவை அவை. மூன்றுக்கும் இல்லை என்ற பதில் வந்தபோது, நீர் அவரை அறிந்தவரல்லர் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு மனிதரை நம்பத்தக்கவர் என்று சொல்வதற்கு எவ்வளவு நெருக்கம் வேண்டும் என்பதை எமது மார்க்கம் எப்போதோ யோசித்திருக்கிறது.

நேற்றைய நற்சான்று இன்றைக்குப் போதுமா?

இரண்டாவது ஓட்டை காலம். சோதனை ஒழுங்காகவே நடந்தது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடங்களில் ஒரு மனிதனின் வாழ்க்கையில் என்னவெல்லாம் நடக்கலாம்? திருமணம் முறியலாம். போதைப்பொருளுக்கு அடிமையாகலாம். மனைவி நீதிமன்றம் போய்ப் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அன்றிலிருந்து அவர் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதவர். ஆனால் சட்டைப் பையில் இருக்கும் அட்டைக்கு அது தெரியாது.

2024 ஜூன் 21 ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் ரஹீமி வழக்கில் தீர்ப்பளித்தது. டெக்ஸாஸைச் சேர்ந்த அந்த மனிதர் தன் பிள்ளையின் தாயைத் தாக்கியதால், 2020 இல் நீதிமன்றம் அவருக்கு எதிராகப் பாதுகாப்புக் கட்டளை பிறப்பித்தது. அதே கட்டளை அவரது துப்பாக்கி அனுமதிப்பத்திரத்தையும் இரண்டு வருடங்களுக்கு இடைநிறுத்தியது. அதன் பின்னரும் அவர் தொடர்ச்சியான துப்பாக்கிச்சூட்டுச் சம்பவங்களில் சந்தேகநபரானார். வீட்டைச் சோதனையிட்டபோது துப்பாக்கிகள் இருந்தன. இப்படிப்பட்டவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்வது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆனால் சட்டம் சொல்வது கடைக்காரரின் காதுக்கு எப்படிப் போகும்? நீதிமன்றக் கட்டளைகள் கணினிப் பதிவில் சேர்கின்றன. நிக்ஸைக் கேட்டால் அது வெளிவரும். அட்டையை மட்டும் பார்த்தால் வெளிவராது. இடைநிறுத்தப்பட்ட அட்டையை ஒப்படைக்க வேண்டும் என்று மாநிலச் சட்டங்கள் சொல்லலாம். கோபத்தில் இருக்கும் ஒருவர் தானாகப் போய் ஒப்படைப்பார் என்று நம்பித்தான் கடைக்காரர் அந்த அட்டையை வாங்கிப் பார்க்கிறார்.

ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை புதிதல்ல. ஒரு அறிவிப்பாளர் நம்பகமானவர் என்று ஒருமுறை முடிவாகிவிட்டால், அவர் அறிவித்த எல்லாவற்றையும் முஹத்திஸ்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. அதாஃ இப்னு ஸாயிப் போன்ற நல்லவர்களும் நம்பகமானவர்களும் முதுமையில் நினைவு குழம்பினார்கள். இக்திலாத் என்று அந்த நிலைக்குப் பெயரிட்டு, அதற்கு முன் அவர்களிடம் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்று இமாம்கள் பிரித்துப் பதிந்தார்கள். நம்பகத்தன்மைக்கும் திகதி உண்டு என்பது அவர்கள் கண்ட உண்மை. அதனால் அந்த மனிதர்களின் கண்ணியம் குறையவில்லை.

மறுபக்க வாதங்கள்

விதிவிலக்கை ஆதரிப்பவர்கள் சொல்வதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் பொதுவாகச் சட்டத்தை மதிப்பவர்கள் என்கிறார்கள். அது உண்மை. டெக்ஸாஸ் மாநிலம் வருடாவருடம் வெளியிடும் தண்டனை விபரங்களில் அனுமதிப்பத்திரதாரிகளின் பங்கு சிறியதே. ஆனால் சோதனை எப்போதுமே பெரும்பான்மைக்காக வைக்கப்படுவதில்லை. விமான நிலையத்தில் வரிசையில் நிற்பவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் குற்றமற்றவர்கள்தான். அதற்காக யாரும் வாசலைத் திறந்து விடுவதில்லை.

நிக்ஸும் பிழையற்றதல்ல என்கிறார்கள். அதுவும் உண்மை. 2017 நவம்பரில் டெக்ஸாஸின் சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 உயிர்களைப் பறித்தவர், விமானப்படையில் இருந்தபோது குடும்ப வன்முறைக்காக இராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர். விமானப்படை அந்தப் பதிவை எப்.பி.ஐ.க்கு அனுப்பவில்லை. ஆகவே கடையில் நடந்த சோதனை அவரைப் பிடிக்கவில்லை. இதற்கு மருந்து பதிவுகளைச் சீராக அனுப்புவது. 2018 இல் அதற்கென்று தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. வலையில் கிழிசல் இருக்கிறது என்பதற்காக வலையையே விரிக்காமல் இருப்பது மீன்பிடிப்பவருக்குத் தெரியாத தர்க்கம்.

மூன்றாவது வாதம்தான் முஸ்லிம்களைத் தொடுகிறது. நிக்ஸ் பெயரையும் பிறந்த திகதியையும் வைத்துத் தேடும் முறை. முஹம்மத், அஹ்மத், அலி என்ற பெயர்கள் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்பது எமக்குத் தெரியும். பெயர் ஒற்றுமையால் விமான நிலையங்களில் தனி அறைக்கு அழைக்கப்பட்ட அனுபவம் எம்மவர் பலருக்கு உண்டு. பள்ளிவாசல் காவலுக்காகவோ குடும்பப் பாதுகாப்புக்காகவோ சட்டப்படி துப்பாக்கி வாங்கப்போகும் ஓர் அமெரிக்க முஸ்லிமும் இன்னொருவரின் குற்றப்பதிவு காரணமாகத் தாமதிக்கப்படலாம். அவருக்கு அனுமதிப்பத்திர விதிவிலக்கு ஒரு நிவாரணமாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் அந்தச் சிரமத்திற்கு வேறு வழி ஏற்கனவே இருக்கிறது. இப்படித் தாமதிக்கப்படுபவர்கள் எப்.பி.ஐ.யிடம் விண்ணப்பித்துத் தமக்கென்று ஒரு தனி அடையாள இலக்கத்தைப் பெறலாம். அடுத்த முறை வாங்கும்போது அந்த இலக்கத்தைக் கொடுத்தால், பெயர் ஒற்றுமைக் குழப்பம் நீங்கும். சோதனையும் நடக்கும். அப்பாவியின் சிரமத்தைக் குறைக்கும் அதேவேளை கேள்வியைக் கைவிடாத வழி இது. சட்டம் இப்படித்தான் சிந்திக்க வேண்டும்.

ஒரு விசித்திரம்

அமெரிக்காவில் அனுமதிப்பத்திரம் இல்லாமலே துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்ற சட்டம் வேகமாகப் பரவியிருக்கிறது. 2024 ஆம் ஆண்டளவில் 29 மாநிலங்கள் இதை ஏற்றுவிட்டன. டெக்ஸாஸ் 2021 இலும் ஜோர்ஜியா 2022 இலும் ஏற்றன. அப்படியானால் அங்கே அனுமதிப்பத்திரம் எதற்கு? அது இன்னும் வழங்கப்படுகிறது. வேறு மாநிலங்களுக்குப் போகும்போது அது பயன்படும். கூடவே, துப்பாக்கி வாங்கும்போது சோதனையைத் தவிர்க்கவும் பயன்படும்.

அதாவது, தெருவில் ஆயுதத்தோடு நடமாடுபவரைக் கட்டுப்படுத்துவதற்காகத் தொடங்கிய ஓர் அட்டை, அந்த வேலையை இழந்துவிட்ட மாநிலங்களில் சோதனையைத் தாண்டிப் போகும் சீட்டாக எஞ்சியிருக்கிறது. ஒரு கட்டுப்பாடு எதைக் காப்பதற்காக வந்ததோ அதற்கே எதிராக நிற்பதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்காவுக்குள்ளேயே கென்டக்கி மாநிலம் ஒரு வழியைக் காட்டுகிறது. துப்பாக்கிக் கலாசாரம் ஆழமாக வேரூன்றிய மாநிலம் அது. அங்கே மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் மாதாந்தம் நிக்ஸில் மீண்டும் சோதிக்கிறார்கள். போன மாதம் ஒருவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்திருந்தால் இந்த மாதச் சோதனையில் அது தெரிந்துவிடும். அட்டை அங்கேயும் விலக்குத் தருகிறது, ஆனால் அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு மாதத்துக்கு மேல் பழையதல்லாத பதில் ஒன்று இருக்கிறது. மற்ற மாநிலங்கள் விலக்கை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆகக்குறைந்தது இதையாவது செய்யலாம். இல்லையென்றால் புளோரிடாவைப் போல, அட்டை இருந்தாலும் கடையில் கேட்கலாம். சில நிமிட வேலை.

நியூசிலாந்து தன் பாடத்தைப் படித்தது. தாக்குதல் நடந்து ஒரு மாதம் முடியுமுன், 2019 ஏப்ரல் 10 ஆம் திகதி, பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் சட்டத்தை அந்நாட்டுப் பாராளுமன்றம் 119 க்கு 1 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. அடுத்த வருடச் சட்டத்தின் மூலம் புதிதாக அனுமதிப்பத்திரம் பெறுபவர்களுக்கு அதன் காலம் பத்திலிருந்து ஐந்து வருடமாகக் குறைக்கப்பட்டது. 2023 ஜூன் முதல் துப்பாக்கிப் பதிவேடும் இயங்குகிறது. இவ்வளவும் 51 ஜனாஸாக்களுக்குப் பிறகு வந்தவை.

எமது நாட்டிலும் துப்பாக்கிச் சட்டம் உண்டு. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் அடிப்படைச் சட்டமாக இருக்கிறது. இங்கே அனுமதிப்பத்திரம் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப்பட வேண்டும். 2024 இன் இறுதிப்பகுதியில், தனிப்பட்ட பாதுகாப்புக்காக வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. சட்டவிரோத ஆயுதங்கள் இந்த நாட்டில் எத்தனை உயிர்களைக் காவுகொள்கின்றன என்பதை நாளாந்தம் பார்க்கிறோம், ஆகவே எமது முறையைப் பெருமையாகச் சொல்ல எதுவுமில்லை. ஆனாலும், கொடுத்த அனுமதியைக் காலத்துக்குக் காலம் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் எமக்கு அந்நியமானதல்ல.

எமக்கு இதில் என்ன?

சப்பல் ஹில்லும் கிறைஸ்ட்சேர்ச்சும் நடந்தபோது இஸ்லாமிய வெறுப்பைப் பற்றி எழுதினோம். அது எழுதப்பட வேண்டியதே. ஆனால் ஒருவரின் உள்ளத்தில் இருக்கும் வெறுப்பைச் சட்டத்தால் துடைத்தெடுக்க முடியாது. அந்த வெறுப்பின் கைக்கு ஆயுதம் போய்ச் சேரும் பாதையைச் சட்டத்தால் மறிக்க முடியும். அந்தப் பாதை படிவங்களாலும் அட்டைகளாலும் அலுவலகக் கோப்புகளாலும் ஆனது. கவனம் ஈர்க்காத அந்த இடங்களில்தான் உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன, அல்லது இழக்கப்படுகின்றன.

எமது பிள்ளைகள் படிப்புக்கும் தொழிலுக்கும் இன்று அமெரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என்று போய்க் குடியேறுகிறார்கள். சிலர் அங்கே வாக்காளர்களாகவும் பள்ளிவாசல் நிர்வாகிகளாகவும் இருக்கிறார்கள். அனுமதிப்பத்திரச் சட்டம் அமெரிக்காவில் பெரும்பாலும் மாநிலச் சட்டசபைகளின் கையில் இருக்கிறது. தமது மாநிலத்தின் அட்டை கடையில் சோதனைக்கு விலக்குத் தருகிறதா, தருகிறது என்றால் அந்த அட்டையை வைத்திருப்பவர்கள் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டார்கள் என்ற இரண்டு கேள்விகளைத் தமது பிரதிநிதிகளிடம் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. பாதுகாப்புக்காகத் தாமே துப்பாக்கி வைத்திருக்கும் முஸ்லிம்களும் இதைக் கேட்கலாம். கேட்பதால் அவர்களின் உரிமை எதுவும் பறிபோகப் போவதில்லை.

ஓர் அரசாங்கம் ஒருவர் கையில் துப்பாக்கியைக் கொடுக்க அனுமதிக்கும்போது, அயலவர்களின் உயிரையும் அவரிடம் அமானிதமாகக் கொடுக்கிறது. அமானிதம் கொடுத்தவர் அதைப் பற்றி அவ்வப்போது விசாரிப்பது சந்தேகமல்ல, கடமை. சப்பல் ஹில்லின் அந்த அயலவரைப் பற்றிக் கேட்டறிய வேண்டிய பொறுப்பு அந்த மூன்று பிள்ளைகளுக்கு இருக்கவில்லை. அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்தவர்களுக்கு இருந்தது.